கஹவத்தை குஷன் கடையும் ஒரு டின் பசையும்

வாகனத்தின் உட்புறத்தைப் புதிதாகப் போர்த்த வருகின்றவர் முதலில் நிறத்தைக் கேட்கிறார். அடுத்து விலையைக் கேட்கிறார். எத்தனை நாளில் முடியும் என்பது மூன்றாவது கேள்வி. எந்தப் பசையால் ஒட்டப்போகிறீர்கள் என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. வேலை நிலைப்பதும் உரிந்து தொங்குவதும், அந்த வேலையைச் செய்கின்றவனின் உடம்பு தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் கேட்கப்படாத அந்த நான்காவது கேள்வியிலேயே தங்கியிருக்கின்றன. சம்பளப் போராட்டங்களையும் தேர்தல்களையும் எழுதி வந்த இடத்தில் பசையைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். முழுவதையும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிற் பிரிந்து எம்பிலிப்பிட்டியப் பக்கம் இறங்கும் ஏ-18 வீதியில் இருக்கிறது கஹவத்தை. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். பள்ளங்களில் மாணிக்கக் குழிகள். எந்தானை, வெள்ளந்துரை போன்ற தோட்டங்களின் சனங்களுக்கு வங்கி, வைத்தியம், நகை அடகு, தீபாவளித் துணி எல்லாவற்றுக்கும் இதுவே பட்டணம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இறங்குவதற்குப் பலருக்கும் முச்சக்கரவண்டியே கதி. கர்ப்பிணிப் பெண்ணும் அதில்தான், பாடசாலைப் பிள்ளைகளும் அதில்தான், அரிசி மூட்டையும் அதில்தான். அந்த வண்டியின் ஆசனம் கிழியும், ஹூட் நனைந்து நைந்து போகும், உட்கூரை தொங்கும். ஆகவே இப்படிப்பட்ட ஒவ்வொரு சிறு பட்டணத்திலும் கராஜ்களுக்கு நடுவே ஒரு குஷன் கடை இருக்கும். ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டு மேசை, சுவரில் சாய்த்து வைத்த ரெக்சின் சுருள்கள், மூலையில் பசை டின்கள். அதற்குள் ஒரு பாஸ், ஒன்றிரண்டு கோலயாக்கள். 'பாஸ்' என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுச் சென்றார்கள், 'கோலயா' சிங்களம். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சிற் பேசுவது மலையகத் தமிழ்.

இந்தத் தொழிலுக்கு அண்மைக்கால அரசியலும் ஒரு வகையிற் கைகொடுத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வண்டிகளே கைமாறின. பழைய வண்டிகளுக்குப் பொன் விலை கிடைத்தது. புதிது வாங்க முடியாதவன் இருப்பதைப் புதிதாக்கிக் கொண்டான். 2022இல் டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது ரெக்சின், பஞ்சு, நூல், பசை என இறக்குமதியாகும் அனைத்தும் விலை ஏறின. விலை ஏறும்போது எங்கே கை வைப்பது? கண்ணுக்குத் தெரியும் துணியிற் கை வைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத பசையில் வைக்கலாம். அதுதான் நடந்தது, நடக்கிறது.

கோலயாக்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்காகப் பெற்றோர் எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள் என்று பார்த்து வளர்ந்த பையன், கொழுந்துக் கூடையையோ பால்வெட்டுக் கத்தியையோ கையில் எடுக்க விரும்புவதில்லை. கொழும்புக்குப் போகிறான், கடைச் சிப்பந்தியாகிறான். போக வழியில்லாதவன் பட்டணத்துக் கராஜிலோ குஷன் கடையிலோ தொழில் பழகுகிறான். கைத்தொழில் ஒன்று கையில் இருக்கிறது என்ற பெருமை அவனுக்கு உண்டு. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் பெயரால், பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையிற் பொலிஸார் இறங்கினார்கள். சாரதிகள் கொதித்தார்கள். பத்திரிகைகளும் எழுதின. மினுங்கும் விளக்கு வேண்டுமா, சாமி படம் வைக்கலாமா என்றெல்லாம் வாதம் நடந்தது. அந்த வாதம் முழுவதும் வெளியே தொங்குவதைப் பற்றியது. பயணியின் தலைக்கு மேலே ஒட்டியிருப்பது தீப்பிடித்தால் எத்தனை விரைவில் எரியும், அதை ஒட்டியவன் எதைச் சுவாசித்தான் என்று கேட்ட ஒரு செய்தியறிக்கையும் என் கண்ணிற் படவில்லை.

முதலில் துணியைப் பார்ப்போம். ரெக்சின் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வணிகப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்னும் ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அது. பருத்தித் துணியின்மேல் நைட்ரோ செலுலோசுப் பூச்சுப் பூசிச் செய்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த இரசாயனம்தான் அக்காலத் திரைப்படச் சுருளிலும் இருந்தது. பொறி பட்டாற் போதும். அந்தப் பொருள் உலகத்தின் பல பகுதிகளிலிருந்து மறைந்து போனது. பெயர் மட்டும் யாழ்ப்பாணம் முதல் மதுரை வரை தங்கிவிட்டது. இன்று ரெக்சின் என்று கடைக்காரர் தருவது பி.வி.சி. பூச்சுள்ள துணி. சென்னை அண்ணா சாலையையொட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டாலும் அதே பெயர், அதே பொருள்.

பி.வி.சி. இயல்பிலே கடினமானது. தண்ணீர்க் குழாய் அதனாற் செய்யப்படுகிறது. அதையே துணிபோல வளைய வைப்பதற்கு எண்ணெய் போன்றதொரு மென்மையாக்கியைக் கலக்கிறார்கள். மலிவான ரகத்தில் இந்த எண்ணெய் நிலையாக இருப்பதில்லை. வெயிலில் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பிசுபிசுப்பாகப் படிகிறது. துடைத்தாலும் மறுவாரம் வருகிறது. எண்ணெய் போனபின் துணி விறைத்து வெடிக்கிறது. இன்னொரு பக்கம் அதே எண்ணெய் கீழே இறங்கிப் பசைக்குள் நுழைகிறது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

பி.வி.சி.யை விடத் 'தோல் போலவே' இருக்கிறது என்று சொல்லி விற்கப்படுவது பி.யு. என்னும் பொலியூரித்தேன் பூச்சு. தொடுவதற்கு இதமானது, பார்வைக்கு மேலானது. ஆனால் அதன் மலிவு ரகங்களை ஈரம் தின்றுவிடும். காற்றிலுள்ள நீராவி சிறிது சிறிதாக அதன் பிணைப்புகளை அறுக்கும். சில ஆண்டுகளிற் பூச்சு செதில் செதிலாக உதிரும். இரத்தினபுரி நகரத்தில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கஹவத்தை அவ்வளவு நனையாவிட்டாலும் காய்ந்த ஊரன்று. டுபாயிலோ ரொறன்ரோவிலோ நிலைத்து நிற்கும் பி.யு. இங்கே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. என்னைக் கேட்டால், நம் ஊர் வண்டிக்கு நடுத்தரமான பி.வி.சி.யே போதும்: பின்புறத்தில் நல்ல பின்னல் துணி பிடித்தது, நாலா பக்கமும் இழுபடுவது. அசல் தோல் வேண்டும் என்பவர் வாரம் ஒருமுறை பூசணம் துடைக்கத் தயாராக இருக்க வேண்டும். தைக்கும் நூலிற் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது, ஈரத்தில் உக்கிவிடும். வெயில் படும் இடத்துக்கு நைலோனை விடப் பொலியெஸ்டர் நூல் தாங்கும்.

துணிக்கு அடியிலே பஞ்சு. பொலியூரித்தேனை ஜேர்மனியின் லெவர்கூசனில் ஒட்டோ பேயர் 1937இல் கண்டறிந்தார். இன்றைய ஆசனப் பஞ்சு அந்த வழியில் வந்ததே. அதற்கு முன்னரே, 1929இல், டன்லொப் நிறுவனத்தார் இறப்பர் பாலை நுரைக்க அடித்துப் பஞ்சாக்கும் முறையைக் கண்டிருந்தார்கள். தென்னந்தும்பில் இறப்பர் பால் தெளித்து அழுத்திய திண்டு இன்னொரு வகை. 1990களில் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனம் பிரேசிலின் பெலெம் பகுதியில் தென்னந்தும்பையும் இறப்பர் பாலையும் கொண்டு தலையணைகள் செய்விக்கும் திட்டமொன்றை நடத்தியது. தும்பும் இறப்பரும் இரண்டும் விளைகின்ற நம் நாட்டில், கஹவத்தைக் கடையில் இருப்பதோ கொழும்பிலிருந்து வரும் இரசாயனப் பஞ்சு. மலிவு என்பது காரணம். பல மணி நேரம் அமர்ந்திருக்கும் சாரதியின் இடுப்புக்கு இறப்பர் தும்புத் திண்டு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இனிப் பசை. குஷன் கடைகளில் 'கம்' என்று பொதுப்பெயரால் அழைக்கப்படுவது பெரும்பாலும் நியோப்ரின் என்ற செயற்கை இறப்பரைக் கரைப்பானிற் கரைத்த மஞ்சள் நிறக் குழம்பு. அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்திற் பிறந்து 1931இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இறப்பர் அது. இதை ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களிலும் பூச வேண்டும். கரைப்பான் பறந்து, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே முறையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும். அவசரக்காரனுக்கு இது ஆகாத பசை. ஈரம் உலர முன் ஒட்டினாற் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டுக் கொப்புளம் கட்டும். வாடிக்கையாளர் வாசலில் நின்று 'இன்னும் முடியவில்லையா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கொப்புளத்திற்கு அவரும் பொறுப்பு.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூசிய முகம் குளிர்கிறது. குளிர்ந்த முகத்தில் காற்றின் நீராவி பனியாகப் படிகிறது. பசையின்மேல் மெல்லிய வெண்படலம் தெரியும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த நீர்ப்படலத்தின்மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு அரைகுறைதான். பின்னேரம் இடி இடித்து மழை இறங்கும் நாட்களில், காலையிலேயே பசை வேலையை முடித்துவிட்டுப் பின்னேரத்தில் வெட்டவும் தைக்கவும் அமரும் பாஸ்மார் இருக்கிறார்கள். எந்தப் பொறியியற் புத்தகத்தையும் அவர்கள் படிக்கவில்லை. வெள்ளை படிந்த பசை உரியும் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே. 

முன்னே சொன்ன எண்ணெய்க்கு வருவோம். பி.வி.சி.யிலிருந்து இறங்கும் மென்மையாக்கி, சாதாரண நியோப்ரின் பசையை மெல்ல மெல்ல இளக்குகிறது. ஒட்டிய அன்று கல்லாக இருந்த இடம் சில மாதங்களிற் களியாகிவிடும். பின்புறம் துணி பிடித்த ரெக்சினில் அந்தத் துணி ஓரளவு தடையாக நிற்கும். துணியில்லாத வெறும் படலத்தில் தடை கிடையாது. இதற்கென்றே மென்மையாக்கிக்கு அசையாத பொலியூரித்தேன் பசைகளும், வெப்பந்தாங்கும் ரகங்களும் இருக்கின்றன. டின்னின் முகப்பை மட்டும் பார்க்காமல் பின்புறத்திலே எத்தனை பாகை வெப்பம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் படிப்பது அவசியம். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு எவ்வளவு சுடும் என்று 2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்தார்கள். ஒரு மணி நேரத்திற் சராசரியாக 69 செல்சியஸ் பாகை. ஸ்டியரிங் 53, ஆசனம் 51. அரிசோனா பாலைவனம்தான், ஆயினும் நம் மார்ச் மாத மதியமும் கண்ணாடி மூடிய காரைச் சும்மா விடுவதில்லை. செருப்புக்கும் பலகைக்கும் பயன்படும் சாதாரணப் பசை அந்த வெப்பத்தில் இளகினால் அதன்மேற் குறை சொல்லிப் பயனில்லை. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதன்று.

ஒட்டப்படும் பாகமும் பசையைத் தீர்மானிக்கிறது. கதவின் உட்பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் பெயர் சிறிய எழுத்துகளிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தாற் பசை எளிதிற் பிடிக்கும். கரைப்பான் அதிகமானால் மட்டும் பிளாஸ்டிக்கே உருகி நெளியும். பி.பி., அதாவது பொலிப்ரொப்பிலீன் என்றிருந்தால் கதை வேறு. தாமரை இலைத் தண்ணீர்தான். அதற்குரிய அடிப்பூச்சைப் பூசாமல் எந்தப் பசையும் நிற்காது. ஜப்பானிலிருந்து வந்த சிறு கார்களின் உட்பாகங்களில் இந்தப் பொலிப்ரொப்பிலீன் தாராளமாக உண்டு. இவற்றின்மேல் உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் பளபளப்புக்காகத் தேய்த்த சிலிக்கோன் எண்ணெய் வேறு. ஐசோப்ரொப்பைல் மதுசாரத்தால் இரண்டு மூன்று முறை துடைக்காமல் பசையைத் தொடக்கூடாது. உட்கூரைக்கும் இதே நியாயம்: துணியின் பின்னாலிருந்த பழைய பஞ்சு பொடிந்து மாவாகியிருக்கும். அந்த மாவை முழுதாகத் தூரிகையால் அகற்றாமற் புதுத்துணியை ஒட்டுவது தூசியில் ஒட்டுவதாகும். கூரை மறுபடி தலையில் விழும்.

எல்லா வேலைக்கும் இந்தக் கரைப்பான் பசைதான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இதைத்தான் கஹவத்தையில் நின்றுகொண்டு சொல்வதற்கு எனக்கு ஆசை. 1876இல் கீவ் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்ட நாள் முதல் இந்தத் தீவு இறப்பர் நாடு. 1952இல் சீனாவுடன் அரிசிக்கு இறப்பர் என்று ஒப்பந்தம் செய்து பட்டினியைக் கடந்த நாடு. மரத்திலிருந்து வடியும் பாலை மையநீக்கி இயந்திரத்திற் சுழற்றி, நூற்றுக்கு 60 பங்கு இறப்பர் உள்ள செறிவாக்கி, அமோனியா சேர்த்துக் கெடாமல் வைத்தால் அதுவே நீர் கலந்த பசைக்கு அடிப்படை. பஞ்சோடு பஞ்சு, பஞ்சோடு துணி, தரை விரிப்பு, தும்புத் திண்டு ஆகிய நீரை உறிஞ்சும் எல்லாவற்றுக்கும் இது நன்றாகப் பிடிக்கும். அமோனியா மூக்கைக் குத்தும். ஆனால் நரம்பைக் கெடுக்கும் கரைப்பான் இதில் இல்லை, தீப்பிடிக்கும் ஆவியும் இல்லை. வெயிலுக்கும் எண்ணெய்க்கும் இது தாங்காது, ஆகையால் டாஷ்போர்டுக்கும் கதவுப் பலகைக்கும் கூரைக்கும் ஆகாது. உலரவும் நேரமெடுக்கும், மழைநாளில் இன்னும் அதிகம். அதனாற்றான் கடைக்காரர் விரும்புவதில்லை. ஆனால் ஓர் ஆசன வேலையிற் பசை தேவைப்படும் இடங்களிற் கணிசமானவை பஞ்சும் துணியும் சேரும் இடங்களே. அங்கேயாவது கரைப்பானை நிறுத்தலாம். அப்பா விடியற்காலையில் மரத்தைக் கீறி வடித்த பால் லொறியில் ஏறி ஊரைவிட்டுப் போகிறது. மகன் அதே ஊரில், டொலர் கொடுத்து வாங்கிய செயற்கை இறப்பரின் ஆவியை நாள் முழுதும் இழுக்கிறான். இந்த வினோதத்தைப் பற்றி நம் இறப்பர் மாநாடுகளில் எவரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆவியில் என்ன இருக்கிறது? டொலுயின், எக்சேன், மீதைல் எதைல் கீட்டோன் என்று கலவைக்குக் கலவை வேறுபடும். முன்னாளிற் பென்சீனும் இருந்தது. அதை உபயோகித்த இஸ்தான்புல் சப்பாத்துத் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை முசாபர் அக்சோய் என்ற துருக்கிய மருத்துவர் 1970களில் எழுதிக் காட்டினார். எக்சேனின் கதை இன்னும் அண்மையானது. 2009, 2010 ஆண்டுகளில் சீனாவின் சுஜோ நகரில் கைப்பேசித் திரைகளை எக்சேனாற் துடைத்த தொழிலாளர்கள் கைகால் மரத்துப்போய் நடக்க முடியாமல் வைத்தியசாலைகளில் விழுந்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதாக அப்பிள் நிறுவனமே 2011இல் ஒப்புக்கொண்டது. நரம்பின் நுனியிலிருந்து தொடங்கும் நோய் அது. முதலிற் கால்விரல் மரக்கும். செருப்புக் கழன்றது தெரியாமல் நடப்பான். வேலைக் களைப்பு என்று நினைப்பான்.

இந்த ஆவிகள் காற்றைவிடப் பாரமானவை. டொலுயின் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே அவை மேலே எழும்பிக் கூரை ஓட்டைவழியாகப் போவதில்லை. தரையிற் படுத்துத் தேங்கும். காரின் கால்வைக்கும் பள்ளத்துக்குள் தலையை நுழைத்து டாஷ்போர்டின் அடிப்பகுதியை ஒட்டுகின்ற கோலயா அந்தக் குளத்துக்குள்ளேயே மூச்சு விடுகிறான். மேலே சுழலும் விசிறி அவனுக்கு உதவாது. கதவுகள் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து வெளியே காற்றைத் தள்ளும் விசிறி ஒன்று வேண்டும். கழற்றக்கூடிய பாகத்தைக் கழற்றி வெளியே மரநிழலில் வைத்து ஒட்ட வேண்டும். துணியால் மூக்கைக் கட்டுவதோ, கொரோனாக் கால முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. கரித்தூள் அடைத்த முகமூடியே தடுக்கும். அப்படி ஒன்று தொங்கும் குஷன் கடையை நான் பார்த்ததில்லை. "பழகிருச்சுங்க ஐயா, இப்பல்லாம் வாசனையே தெரியிறதில்ல" என்றான் ஒரு பையன், பெருமையாக. மூக்கு மரத்துப்போனதைத்தான் அவன் பழக்கம் என்கிறான். வாசனை தெரியாமற் போவதால் ஆவி குறைந்துவிடுவதில்லை. அச்சுக்கூடத்து இயந்திரம் துடைக்கும் கரைப்பானின் வாசனையை ஆண்டுக்கணக்கில் பத்திரிகையின் வாசனை என்று எண்ணி இரசித்தவர்கள் நாங்கள். ஆகவே அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொலுயினின் ஆவி 4 செல்சியஸ் பாகையிலேயே பற்றிக்கொள்ளக்கூடியது. எக்சேன் உறைபனிக்கும் மிகக் கீழே. நம் ஊரில் எந்த நேரமும் அது தயாராக இருக்கிறது என்று பொருள். பசை டின் திறந்திருக்கும் அறையில் பீடி, வெப்பத் துப்பாக்கி, பக்கத்துக் கராஜின் ஒட்டுத்தீப்பொறி எல்லாம் கூடிவிடுவது சிறு பட்டணங்களில் வழமை.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவரை ஈடுபடுத்தத் தடை உண்டு. ஆனால் ஒரு கதவும் ஒரு தையல் இயந்திரமும் உள்ள கடையைத் தொழிற்சாலை என்று நினைத்து அதன் வாசற்படி ஏறும் பரிசோதகர் எங்கே? தொழிற்சங்கங்களும் தோட்ட வாசலோடு நின்றுவிடுகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளை சந்தாப் பட்டியலிலும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையிலும் இல்லை. அவன் வாக்காளனாக மட்டும் இருக்கிறான்.

கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். அவரும் அதே அறையில் அதே ஆவியைச் சுவாசிக்கிறார், கோலயாவை விட அதிக ஆண்டுகளாக. அவரை மலிவான டின்னுக்குத் தள்ளுவது அடுத்த கடையில் ஆயிரம் ரூபா குறைவு என்று பேரம் பேசும் நாம். ஒரு காரின் உட்புறம் முழுவதையும் போர்த்தும் செலவிற் பசையின் பங்கு மிகச் சிறியது. துணிக்கும் கூலிக்கும்தான் பணம் போகிறது. நல்ல பசைக்கும் மலிவான பசைக்கும் உள்ள வித்தியாசம், அரங்கேறிய பிறகு உரிந்து மறுபடி செய்யும் செலவில் ஒரு துளி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊர்க்காரை 'செய்விக்கும்' நண்பர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் முடித்துக் கொடு என்று நெருக்காதீர்கள். பசையின் பெயரைக் கேளுங்கள், அதன் விலையைத் தனியாகக் கொடுங்கள். டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

வேலை ஒப்படைக்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிற்கால ஜப்பானியக் கார்களிற் காற்றுப்பைகள் ஸ்டியரிங்கில் மட்டும் இருப்பதில்லை. பயணியின் முன்னே டாஷ்போர்டுக்குள்ளும், சிலவற்றில் ஆசனத்தின் பக்கவாட்டிலும், கூரையோரத் தூண்களுக்குள்ளும் மடிந்து கிடக்கும். டாஷ்போர்டின் அந்த மூடி, மோதலின்போது கிழிந்து திறப்பதற்கென்றே அடிப்புறத்திற் கீறி மெலிதாக்கப்பட்டது. அதன்மேல் முரட்டு ரெக்சினை இறுக ஒட்டினால் பை நேரத்துக்குத் திறக்காது, அல்லது கோணலாகத் திறக்கும். ஆசனப் பக்கத்துப் பைக்கும் அப்படியே: தொழிற்சாலை உறையில் அந்த இடத்துத் தையல் வேண்டுமென்றே பலவீனமான நூலாற் போடப்பட்டிருக்கும், நம் பாஸ் அன்போடு இரட்டைத் தையல் போட்டுவிடுவார். அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையிலுள்ள விதியொன்றின்படி காரின் உட்பொருள் எதுவும் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் வேகமாகத் தீப்பரவ விடக்கூடாது. கடையில் வெட்டித் தரும் துணிக்கு அப்படி ஒரு சோதனையும் கிடையாது. வெட்டிய மிச்சத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். உடனே பற்றி, உருகிச் சொட்டி, தானாக அணையாமல் ஓடுமானால், அந்தச் சுருளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சுருளைக் காட்டச் சொல்லுங்கள். காற்றுப்பை என்று பொறித்திருக்கும் இடங்களை வெறுமையாக விடச் சொல்லுங்கள். நிறம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.